மூடாத மூடி

அத்தியாயம் பதினொன்று

மூடி மூட மறுத்தது.

சர்வேயர் திருகிப் பார்த்தார். அரைச் சுற்றில் நின்றுவிட்டது. எடுத்து, துடைத்து, மறுபடி வைத்தார். மறுபடியும் அதே அரைச் சுற்று.

போலீஸ் பிடித்து வந்த வண்டிகள் துருப்பிடித்துக் கிடக்கும் வளாகம். முன்பக்கம் நசுங்கிய ஒரு சலவைக் கம்பெனி வேன். பானெட்டைத் தாங்கும் கம்பி விபத்தில் உடைந்துபோயிருந்ததால், ரேடியோ அதைத் தன் தலையால் தாங்கிக்கொண்டு நின்றான்.

"சீக்கிரம் மேடம். என் தலையில ஒண்ணும் இல்லைன்னு வீட்டுல ஏற்கெனவே சொல்றாங்க. இன்னும் கொஞ்ச நேரம் போனா உண்மையாயிடும்."

"இந்த மூடி ஏன் மூடல?"

"வேற வண்டி மூடியா இருக்கும்."

"இப்பதான் நானே இதுல இருந்து கழட்டினேன். கழட்டினது திரும்பப் போகல."

சர்வேயர் என்பது பழைய வேலையின் பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பார்வையிட்டவர். வேலையை விட்ட பிறகும் பெயர் அவரை விடவில்லை. ஐம்பது வயது. கைப்பையில் சீப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவர் இருக்கும். ரேடியோ அவருடைய உதவியாளன். அணைக்கும் பொத்தான் இல்லாதவன் என்பதால் அந்தப் பெயர்.

பிரேக் ஃப்ளூயிட் டப்பாவின் மூடி அது. சர்வேயர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார். உள்ளே தட்டையாகப் படிந்திருக்க வேண்டிய கறுப்பு ரப்பர், காளான் மாதிரி உப்பி, ஓரம் மடிந்து, மூடிக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

ரேடியோ எட்டிப் பார்த்தான். "கல்யாணத்தன்னைக்குப் போட்ட பேன்ட்டைப் போன வாரம் மாட்டிப் பார்த்தேன் மேடம். இதே நிலைமைதான்."

"நீ சாப்பிட்டு உப்பின. இது எதைச் சாப்பிட்டுச்சு?"

வழக்கு சின்னது. சின்னதாக இருந்ததுதான் கஷ்டம். மேட்டிலிருந்து இறங்கிய வேன் நிற்காமல் போய் பஸ் நிறுத்தத்தில் மோதியது. டியூட்டி முடிந்து வீட்டுக்குக் கிளம்பியிருந்த ஒரு நர்ஸ் அங்கேயே இறந்துபோனாள். டிரைவர் ஓடவில்லை. போலீஸ் வரும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கேட்டவர்களிடமெல்லாம் "நான்தான்" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. வண்டியைச் சோதித்த மோட்டார் இன்ஸ்பெக்டர், பிரேக் மிதி கெட்டியாக இருக்கிறது, டப்பா நிறைந்திருக்கிறது, ஆகவே பிரேக்கில் குறையில்லை என்று எழுதிவிட்டார். குறை டிரைவருடையது என்றாகிவிட்டது. நாளை காலை கோர்ட்டில் அவன் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறான்.

நம்பாதவள் ஒருத்திதான். அவனுடைய அக்கா.

ஷிஃப்ட் முடிந்த கையோடு சர்வேயரைத் தேடி வந்திருந்தாள். முழங்கை வரை வெள்ளைத் தூள். தலைமுடியில் கந்தகம் கருகின வாடை. நாற்காலியில் தூள் ஒட்டும் என்று கடைசி வரை உட்காரவில்லை.

"அவன் பிரேக்கை மிதிச்சிருப்பான் மேடம். மிதிக்காம இருக்க மாட்டான். அம்மா போனதுல இருந்து நான்தான் அவனை வளர்த்தேன். அவனை எனக்குத் தெரியும். அந்த வண்டியை நாங்க ரெண்டு பேரும் குழந்தை மாதிரி பார்த்துக்குவோம்."

அதை நினைத்துக்கொண்டே சர்வேயர் டப்பாவுக்குள் ஊசிக்குழலை விட்டு உறிஞ்சினார். கண்ணாடிப் புட்டியில் விட்டார். சற்று நேரத்தில் திரவம் இரண்டாகப் பிரிந்தது. மேலே தேன் நிறத்தில் ஓர் அடுக்கு. கீழே கலங்கலாக இன்னொன்று.

"உன் தண்ணி பாட்டிலைக் கொடு."

"மேடம், அது குடிக்கிற தண்ணி!"

கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடிக் குலுக்கினார். கீழ் அடுக்கு தண்ணீரோடு கலந்து ஒன்றாகிவிட்டது. மேல் அடுக்கு சேரவில்லை. முத்து முத்தாகச் சிதறி, மேலே ஏறி, மறுபடி ஒன்றுகூடி மிதந்தது.

"பிரேக் ஃப்ளூயிட் தண்ணியோட கலந்துடும். கலந்தது அது. கலக்காம மிதக்குது பாரு, அது என்ன?"

"எண்ணெய்."

"அதுக்கு இங்க என்ன வேலை?"

பதில் வரும் என்று அவர் காத்திருக்கவில்லை. உப்பிய ரப்பரை மூடியிலிருந்து பிரித்து ரேடியோவின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுக்குப் பேரு ஈ.பி.டி.எம். எத்திலீன், புரொப்பிலீன் வாயுவை எல்லாம் சங்கிலியா கோத்துச் செய்யற ரப்பர். வெயில், மழை, நீராவி, ஆசிட் எதுவும் இதை ஒண்ணும் பண்ணாது. மொட்டை மாடில ஒழுகாம இருக்க விரிப்பாங்க. கார் கண்ணாடி ஓரம், ரேடியேட்டர் ஹோஸ், வாஷிங் மெஷின் கதவு வளையம், எல்லாம் இதுதான். பிரேக் ஃப்ளூயிட்ல வருஷக்கணக்கா ஊறிக் கிடந்தாலும் அசையாது."

"அப்புறம் எண்ணெய்க்கு மட்டும் என்ன?"

"ரப்பர் வெறும் கார்பனும் ஹைட்ரஜனும். மிஷின் எண்ணெயும் அதேதான். ரெண்டும் ஒரே குடும்பம். அந்நியன் யார் வந்தாலும் இந்த ரப்பர் கதவைத் திறக்காது. சொந்தம்னு வந்தா உள்ள விட்டுடும். வந்தவன் ஒவ்வொரு சங்கிலிக்கும் நடுவுல போய் உட்கார்ந்துக்குவான்."

"என் மச்சான் ஒரு வாரம் வந்து தங்கினான் மேடம். சோபாவே உப்பிடுச்சு."

"பிரேக் சிலிண்டருக்குள்ள இருக்கிற வளையங்களும் இதே ரப்பர். அதுங்களும் உப்பி இறுகியிருக்கும். மிதிச்சா மிதி கல்லு மாதிரி நிக்கும். அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது."

"கல்லு மாதிரி இருந்ததால இன்ஸ்பெக்டர் நல்ல பிரேக்னு எழுதிட்டாரா?" ரேடியோ தலையைப் பானெட்டில் இடித்துக்கொண்டான். "பொணம் விறைப்பா இருக்கு, ஆள் நல்ல பலசாலின்னு எழுதின மாதிரி. மேடம், அப்போ தம்பி மேல தப்பே இல்ல! கேஸ் முடிஞ்சுது!"

"எண்ணெய் தானா நடந்து வந்து டப்பாக்குள்ள குதிக்கல."

சர்வேயர் புட்டியை வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. ஒரு துளியை விரலில் எடுத்துத் தேய்த்தார். வழுக்கியது.

"பவுடரா?" என்றான் ரேடியோ. "எண்ணெய்க்கே மேக்கப் போட்டு அனுப்பியிருக்காங்க."

அவர் சிரிக்கவில்லை. புட்டியைப் பைக்குள் வைத்தார்.

*

வேனை வழக்கமாகப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒரு காருக்கு அடியில் இருந்தான். வெளியே தெரிந்தவை இரண்டு கால்கள் மட்டும். விசாரணைக்குக் கால்களே பதில் சொல்லின.

"அந்த வேனா? நான் எதையும் ஊத்தல. ஆளை விடுங்க."

"நீங்க ஊத்தினீங்கன்னு யாரு சொன்னா?" என்றான் ரேடியோ. "முகத்தைக் காட்டினா நல்லா இருக்கும் அண்ணே. உங்க செருப்போட எவ்வளவு நேரம் பேசறது?"

பலகை உருண்டு வெளியே வந்தது. நெற்றியில் கிரீஸ். கண்ணில் எரிச்சல். சர்வேயர் புட்டியை நீட்டினார். மெக்கானிக் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினான்.

"என்கிட்ட இருக்கிற எண்ணெயெல்லாம் அதோ அலமாரில. போய்ப் பாருங்க."

ரேடியோ ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு, ஒன்று கெட்டிப் பச்சை. தேன் நிறத்தில் எதுவும் இல்லை.

"கடைசியா அந்த டிரைவர் எப்ப வந்தான்?" என்று கேட்டார் சர்வேயர்.

"வரவே இல்லைங்க, அதான் வயித்தெரிச்சல். சனிக்கிழமை போன் பண்ணான். பிரேக் லைட் எரியுது, டப்பால குறைஞ்சிருக்குன்னான். பிரேக் கட்டை தேஞ்சா குறையும், திங்கக்கிழமை கொண்டு வா, பார்த்துடலாம்னேன். திங்கக்கிழமை போன் பண்ணி, லைட் அணைஞ்சிடுச்சு, பரவாயில்லைன்னுட்டான். வந்திருந்தா அந்த நர்ஸ் இன்னைக்கு..." அவன் முடிக்கவில்லை. பலகை உள்ளே உருண்டது. "நான் ஒரு வார்த்தை அதட்டி வரச் சொல்லியிருக்கணும்," என்றது காரின் அடிவயிறு.

வெளியே வந்ததும் ரேடியோ விரல் விட்டு எண்ணினான். "சனிக்கிழமை குறைவு. திங்கக்கிழமை நிறைவு. ஞாயித்துக்கிழமை வண்டி எங்க நின்னுச்சு?"

"அவன் வீட்டு வாசல்ல."

"அப்போ அக்கம்பக்கத்துல எவனோ வேண்டாதவன். வேலையில போட்டி இருக்கிறவன். பொண்ணு விஷயமாக்கூட இருக்கலாம் மேடம்."

"சதி பண்றவன் டப்பால இருக்கிற கோடு வரைக்கும் அளவா ஊத்த மாட்டான் ரேடியோ. மூடி இடுக்கைத் துணியால துடைச்சுட்டும் போக மாட்டான். டப்பாவைச் சுத்தி ஒரு சொட்டு சிந்தல, கவனிச்சியா? ஊத்தினவங்க ரொம்ப அக்கறையா ஊத்தியிருக்காங்க."

அதைச் சொல்லும்போது அவருடைய குரல் இறங்கியிருந்ததை ரேடியோ கவனித்தான்.

*

சிறையில் பார்வையாளர் அறை. நடுவில் இரட்டைக் கம்பி வலை. டிரைவர் மெலிந்திருந்தான். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இன்னொரு கழுத்துக்கு இடம் இருந்தது.

ரேடியோவால் அடக்க முடியவில்லை. "தம்பி, நல்ல சேதி! உன் பிரேக்குக்குள்ள யாரோ எண்ணெய் ஊத்தியிருக்காங்க. ரப்பர் உப்பிப் போச்சு. உன் மேல தப்பே இல்ல. நாளைக்கு வாயைத் திறக்காதே, நாங்க பார்த்துக்கறோம்."

மகிழ்ச்சி வரும் என்று அவன் எதிர்பார்த்த முகம் வெளிறிப்போனது.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"இன்னும் யார்கிட்டயும் இல்ல."

"சொல்லாதீங்க." டிரைவர் வலையைப் பிடித்துக்கொண்டான். "நான்தான் ஊத்தினேன். குறைஞ்சிருந்துச்சு, ஊத்தினேன்."

"சரி," என்றார் சர்வேயர். "எண்ணெய் என்ன நிறம்?"

"ம்?"

"நீதானே ஊத்தின. நிறம் தெரிஞ்சிருக்குமே."

அவன் கண்கள் அலைந்தன. "சிவப்பு."

சர்வேயர் பையிலிருந்து புட்டியை எடுத்து வலைக்கு அருகில் பிடித்தார். தேன் நிறம் அறையின் விளக்கொளியில் மினுங்கியது. டிரைவர் அதைப் பார்த்தான். பிறகு பார்க்கவில்லை.

"மேடம், நீங்க நல்லவங்க. கேஸை இதோட விட்டுடுங்க," என்றான். "மிதி கல்லாட்டம் நின்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அந்த ஒரு நொடில எல்லாம் புரிஞ்சுது. ஞாயித்துக்கிழமை நான் தூங்கி எழுந்தப்ப டீ கொடுத்துட்டே, வண்டில குறைஞ்சதை நிரப்பிட்டேன், லைட் அணைஞ்சிடுச்சு பாருன்னு சிரிச்சது. எதை ஊத்தினன்னு ஒரு வார்த்தை நான் கேட்கல. கேட்காதது நான்தானே? அந்த நர்ஸம்மா கையை நான்தான் பிடிச்சிட்டிருந்தேன். சூடு இறங்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அந்த நினைப்போட அது வாழ வேண்டாம். நான் வாழ்ந்துக்கறேன்."

"யாரு? எது?" என்றான் ரேடியோ.

டிரைவர் வலையிலிருந்து கையை எடுத்தான். சர்வேயர் புட்டியைப் பைக்குள் வைத்தார். ரேடியோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். முழங்கை வரை வெள்ளைத் தூளோடு, நாற்காலியில் உட்காராமல் நின்ற ஒருத்தி அவன் நினைவுக்கு வந்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக, ரேடியோ பேசாமல் வந்தான். அவர்கள் இறங்க வேண்டிய இடம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"சொல்லாம விட்டா அவன் போயிடுவான். சொன்னா அது போயிடும். நடுவுல ஏதாவது இருக்கா மேடம்?"

"நானும் அதைத்தான் தேடிட்டு வந்தேன்."

"கிடைச்சுதா?"

"இறங்கு."

*

ரப்பர் பாகங்கள் வார்க்கும் கூடம். வரிசையாகச் சூடான பிரஸ்கள். ஒவ்வொன்றும் வாயை மூடிக்கொண்டு ரப்பரை வேகவைத்தது. மணி அடித்ததும் வாய் திறக்க வேண்டும். ஒட்டாமலிருக்க வேகாத ரப்பர் தகடுகளில் தடவிய வெள்ளைத் தூள், வெளிச்சத்தில் பனி மாதிரி மிதந்தது.

அக்கா கடைசி பிரஸ்ஸில் இருந்தாள். ஷிஃப்ட் தொடங்கும் நேரம். பிரஸ்ஸின் பக்கவாட்டில் எண்ணெய் மட்டம் காட்டும் கண்ணாடி. அதில் ஒரு கோடு. புனலை வைத்து, டின்னைச் சாய்த்து, கோடு வரை அளவாக ஊற்றினாள். துணியால் சுற்றிலும் துடைத்தாள். எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தது.

ரேடியோ தலையைத் திருப்பிக்கொண்டான்.

"வாங்க மேடம்! வாங்க தம்பி!" அவர்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "ஏதாவது கிடைச்சுதா?"

சர்வேயரின் கை பைக்குள் இருந்தது. விரல்கள் உப்பிய ரப்பரைத் தொட்டுக்கொண்டிருந்தன. அவர் அந்தக் கையை வெறுமையாக வெளியே எடுத்தார்.

"இல்லம்மா. ஒண்ணும் கிடைக்கல. மன்னிச்சுக்க."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத குரல் அது. ஆனால் அவள் நம்பினாள். முகம் வாடியது, ஒரு நொடிதான். உடனே தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

"பரவாயில்ல மேடம். நான் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். நானே சாட்சி சொல்ல வரட்டுமா? அவன் கவனமில்லாம ஓட்டினான்னுதானே சொல்றாங்க? நாங்க எவ்வளவு கவனமா இருந்தோம்னு நான் சொல்றேன். அந்த ஞாயித்துக்கிழமைகூட அந்த பிரேக் டப்பால குறைஞ்சிருந்துச்சு. பாவம், டபுள் டியூட்டி பார்த்துட்டுத் தூங்கிட்டிருந்தான். எழுப்ப மனசு வரல. இதோ இந்த எண்ணெயைத்தான், புது டின் உடைச்சு, கொஞ்சம் கேட்டு வாங்கிட்டுப் போயிருந்தேன். இவ்வளவு பெரிய மிஷினே இதுலதான் ஓடுது. கோடு வரைக்கும் நிரப்பி, துடைச்சு வச்சேன். அப்படிப் பார்த்துக்கிட்ட வண்டி மேடம் அது. இதை ஜட்ஜ் கேட்டா மனசு இளகாதா?"

பிரஸ் உறுமிக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி, ஊரே பேசற ஆளு, வாயே திறக்கல?"

ரேடியோ குனிந்துகொண்டான். குனிந்த இடத்தில் அவன் பார்வை நிலைத்தது. அவள் அதைப் பின்தொடர்ந்தாள்.

பிரஸ்ஸுக்கு அடியில் எண்ணெய் சொட்டும் தட்டு. அதில் யாரோ தவறவிட்ட வாஷிங் மெஷின் கதவு வளையம் ஒன்று கிடந்தது. எத்தனையோ நாளாக ஊறி, இரண்டு மடங்கு பருத்து, வடிவம் கெட்டு. அவள் பழக்கத்தில் குனிந்து எடுத்தாள். "எண்ணெய்ல விழுந்தா போச்சு, இனி எதுக்கும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே கழிவுப் பெட்டியை நோக்கிக் கையை வீசினாள்.

கை பாதியில் நின்றது.

வளையத்தைப் பார்த்தாள். டின்னைப் பார்த்தாள். சர்வேயரின் பையைப் பார்த்தாள்.

"அந்த பிரேக்குக்குள்ளயும் இந்த ரப்பர்தானா?"

இந்த முறை சர்வேயருக்குப் பொய் வரவில்லை. மூடியையும் உப்பிய ரப்பரையும் எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் பார்த்தாள். பார்க்க வேண்டிய தேவை இல்லாதவள் மாதிரி விரலால் ஒருமுறை அழுத்தினாள், அவ்வளவுதான்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பத்துல இருந்து?"

"பிரேக்கை மிதிச்சதுல இருந்து."

அவள் தலையை ஆட்டினாள். கடைக்குப் போகும் வழி கேட்டுத் தெரிந்துகொண்டவள் மாதிரி. பிறகு பிரஸ்ஸுக்கு முன்னால் இருந்த படியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நான் வந்து சொல்லிடறேன். அவனை விட்டுடுவாங்க."

"நான் ஊத்தினேன்னு நீ சொல்வ. இல்ல, நான்தான் ஊத்தினேன்னு அவன் சொல்வான். அக்கா என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றாள்னுவான்."

"யாரை நம்புவாங்க மேடம்?"

சர்வேயர் தரையைப் பார்த்தார். "அவன் ஏற்கெனவே உள்ள இருக்கான்மா."

 

"காயவச்சா இது பழையபடி ஆகுமா?" என்று கேட்டாள் அவள்.

"கொஞ்சம் சுருங்கும்."

"மூடி மூடுமா?"

அவள் ரப்பரை மூடிக்குள் வைத்துக் கட்டைவிரலால் அழுத்த ஆரம்பித்தாள். வருஷக்கணக்காக ரப்பரை அச்சுக்குள் பொருத்திப் பழகிய விரல்கள். ஒரு பக்கம் உள்ளே போனது. மறுபக்கம் துருத்தியது. அதை அழுத்தினாள். இந்தப் பக்கம் எழும்பியது. முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பிரஸ்ஸின் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து பிரஸ்காரி எட்டிப் பார்த்து, "அக்கா, வெந்துடுச்சு, திற!" என்று கத்தினாள்.

அவள் திரும்பவில்லை. கூடம் முழுவதும் ரப்பர் கருகும் வாடை பரவத் தொடங்கியது.